பரிசலின் பின்னால் வரும் கயிறு

அன்றைக்கு நடு ஆற்றில் அவர் என் மகனுக்கு ஊட்டியது எதை? ஆறு வருடம் ஆகிறது, எனக்கு இன்னும் தெரியாது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் பார்க்காதீர்கள் என்று அவர் சொன்னார், நானும் பார்க்கவில்லை. சொன்னதைக் கேட்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அது நல்ல பழக்கமா என்பதும் எனக்குத் தெரியாது.

அவர் பரிசல் ஓட்டுபவர். கொடுமுடிக்குச் சற்றுத் தள்ளிக் காவிரிக் கரையில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. எனக்கு ஆரம்பப் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது ஆற்றுக்கு அக்கரையில். பேருந்தில் போனால் பாலம் சுற்றி ஒன்றரை மணி நேரம். பரிசலில் இருபது நிமிடம். பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மகனுக்கு ஐந்து மாதம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவனையும் தூக்கிக்கொண்டு தினமும் காலை எட்டு மணிப் பரிசலில் ஏறுவேன். பள்ளியை ஒட்டியிருந்த பால்வாடியில் அவனை விட்டுவிட்டு, மணிக்கொரு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

ஊரில் எல்லோரும் அவரைப் பரிசக்காரம்மா என்றார்கள். நானும் பெயர் கேட்கவில்லை, அக்கா என்றே கூப்பிட்டேன். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இடது கால் கட்டைவிரலில் ஒரு தழும்பு, மெட்டி போட்டுக் கழற்றியது போல வட்டமாக. அது மெட்டித் தழும்பு இல்லை, கயிற்றுத் தழும்பு என்று முதல் நாளே தெரிந்துபோனது.

பரிசலில் ஏறப் போன என்னை, "ஏனுங்க டீச்சர், சித்த பாத்து. கவுத்த மிதிச்சுப்போடாதீங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். பரிசலின் பின் விளிம்பில் கட்டிய ஒரு நைலான் கயிறு, உள்ளே வந்து பயணிகளின் கால்களுக்கு நடுவே ஓடி, முன்னால் மண்டியிட்டிருந்த அவருடைய கட்டைவிரலில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் பின்னால் போய் ஆற்றில் இறங்கியிருந்தது. தண்ணீருக்குள் அதன் நுனியில் தூண்டில் முள், அதில் ஒரு கெண்டைக்குஞ்சு, அதற்கு ஒரு முழம் முன்னால் கனத்துக்குச் சைக்கிள் நட்டு. பரிசல் ஆற்றைக் கடக்கும்போது அந்தக் கெண்டைக்குஞ்சும் பின்னாலேயே நீந்தி வருவது போல வரும். அதைத் துரத்திக்கொண்டு வாளை வரும். வர வேண்டும். வந்தால் கயிறு கால்விரலை வெடுக்கென்று இழுக்கும்.

"ஒரே வேலைல ரெண்டு வேலைங்க. சனத்தையும் இழுத்துக்கறேன், மீனையும் இழுத்துக்கறேன்" என்றார். "அதுவுமில்லாம, கவுறு பின்னால இருந்தாப் பரிசலு கம்முனு நேராப் போவும், வாலு மாதிரி. இல்லீன்னாச் சுத்தும்."

எங்கள் வீடு சைவம். கணவர் வீட்டில் இன்னும் கண்டிப்பு. மீன் வாடை வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். மூன்றாவது நாளிலிருந்து, நான் கரையில் இறங்கி வருவது தெரிந்ததும் மீன் கூடையை ஈரச் சாக்கால் மூடிவிடுவார். ஏன் மூடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "வெயிலுக்குங்க" என்பார். காலை எட்டு மணிக்கு என்ன வெயில்?

மீன் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் தண்ணீர் சரியில்லை, நிலா சரியில்லை, யாரோ எதிரே வந்தார்கள். இவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. "மீனு மேல பழி போடக் கூடாதுங்க. அது பாட்டுக்குத் திங்கப் போவுது. நாமதான் அது திங்கற எடத்துல இல்ல" என்பார். அவர் கையில் மாற்றுவதற்கு நான்கு விஷயங்கள் இருந்தன. கயிற்றின் நீளம், நட்டின் கனம், இரை, ஆற்றில் போகும் தடம். கயிற்றை இரு கை விரித்த நீளமான மார் கணக்கில் அளந்து மாருக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். நட்டுகள் ஒரு பழைய பவுடர் டப்பாவில் கலகலவென்று கிடக்கும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றியதை மூன்று நடை பார்ப்பார். மூன்று நடையிலும் ஒன்றும் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுவார். இரண்டை ஒன்றாக மாற்றவே மாட்டார்.

தினமும் எங்களோடு வருகிற வெற்றிலைக்காரர் ஒருவர் இருந்தார். அக்கரைக் கொடிக்காலில் வெற்றிலை எடுக்கப் போவார். வாய் சும்மா இருக்காது.

"ஏம்புள்ள, மீனுக்குப் பரிச்ச வெச்சியே, எத்தன பேரு பாஸு?"

"ஒருத்தரும் வல்லீங்ண்ணா. எல்லாம் லீவு."

"டீச்சருகிட்டச் சொல்லு, வெளிய நிறுத்துவாங்க."

"வெளிய நிறுத்துனா எனக்குத்தானுங்ண்ணா லாபம். தண்ணிய உட்டு வெளிய வந்தாப் போதுமே!"

பரிசலே ஆடுகிற மாதிரி சிரிப்பார்கள். நான் மகனை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

ஏன் இரண்டை ஒன்றாக மாற்றுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். ஒருமுறை அப்படிச் செய்தாராம். கெண்டைக்குப் பதில் தவளை, கூடவே கயிறு இரண்டு மார் அதிகம். அன்றைக்கே ஆள் கை நீளத்துக்கு ஒரு வாளை. ஊரே வந்து பார்த்தது. மறுநாள் தவளையைப் போட்டால் இல்லை, கயிற்றை நீட்டினால் இல்லை, இரண்டும் சேர்த்துப் போட்டாலும் இல்லை. "எதுனால வந்துச்சுன்னே தெரீலீங்க. அந்த ஒரு மீனு ஒரு மாசம் என்னப் பைத்தியமாட்ட அலைய உட்டுருச்சு. சும்மாப் போயிருந்தாக்கூட இத்தன கஷ்டமில்ல" என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மீன் கிடைத்ததற்காக வருத்தப்பட்ட ஒரே ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கியிருந்தபோது, அவருக்கு நன்றாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஆனால் ஒரு குழப்பம். காலை எட்டு மணி நடையில்தான் கிடைத்தது. அதுவும் பள்ளிக்கூடம் உள்ள நாளில் மட்டும். சனி, ஞாயிறு அதே நேரம், அதே கயிறு, அதே இரை, ஒன்றும் இல்லை.

"இதுல என்ன ரோசன? டீச்சரு ராசி" என்றார் வெற்றிலைக்காரர்.

"ராசின்னா அப்பறம் நாளைக்கு வல்லீன்னா எதைங்ண்ணா மாத்தறது? டீச்சரயா?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் விடவில்லை. மூன்று நாள் என்னை இடப்பக்கம் உட்கார வைத்தார், கனம் மாறுகிறதா என்று பார்க்க. அடுத்த மூன்று நாள் என் சாப்பாட்டுக் கூடையைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மீன் வந்துகொண்டே இருந்தது, காரணம்தான் வரவில்லை.

காரணத்தைச் சொன்னது நான். இதைச் சொல்லிக்கொள்ள இப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். பரிசலில் ஏறினால் இறங்கும்வரை மனதுக்குள் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். அவர் ஒரு துடுப்புப் போட்டு அடுத்த துடுப்புப் போடுவதற்குள் சாதாரணமாக இரண்டு எண்ணுவேன். என் மகன் தூங்கிவிட்டால் மூன்று, மூன்றரை வரும். அவன் காலையில் பரிசலில் ஏறியதும் தூங்குவான்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பையன் தூங்குனா நீங்க மெதுவாத் துடுப்புப் போடறீங்க."

துடுப்பு நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். மடியில் தூங்கும் அவனைப் பார்த்தார்.

"நானுங்களா?"

"ஆமாங்க்கா. நான் எண்ணிப் பாத்தேன்."

அடுத்த நாள் சனிக்கிழமை. காய்கறி வாங்கப் போகும் சாக்கில் நான் கரைக்குப் போனேன், முடிவு தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. தூங்கும் குழந்தை இல்லாமலேயே, இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு மெதுவாகத் துடுப்புப் போட்டாராம். இரண்டாவது நடையிலேயே வாளை. மெதுவாகப் போனால் நட்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது, கெண்டைக்குஞ்சும் களைத்துப்போனது போல வருகிறது, கலங்கிய தண்ணீரில் வாளைக்கு அது போதும். என்னைக் கண்டதும் தண்ணீரிலேயே இறங்கி நடந்து வந்தார். "கவுத்த மாத்துனேன், நட்ட மாத்துனேன், எரைய மாத்துனேன், தடத்த மாத்துனேன். தள்ளற கைய மறந்துபோட்டேன் பாருங்க! நாந்தான் மாறிருக்கறேன், ஊரெல்லாம் தேடறேன்!"

தான் தவறிய கதையை அன்று கரையில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானாக இருந்தால் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். இரவெல்லாம் நினைத்து வெட்கப்பட்டிருப்பேன்.

இதெல்லாம் நடக்கும்போதே எனக்கு வேறு ஒரு கவலை வளர்ந்துகொண்டிருந்தது. ஏழாம் மாதம் தொடங்கியும் என் மகன் எதையும் சாப்பிடவில்லை. தாய்ப்பால் குறைந்துவிட்டது. ராகிக் கஞ்சி, டப்பா மாவு, நேந்திரங்காய்ப் பொடி, மசித்த இட்லி, பருப்புச் சாதம், எதை வாயருகே கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கிக்கொள்வான். மீறிப் போனால் துப்புவான். டாக்டர் தந்த அட்டையில் எடைக்கோடு இரண்டு மாதமாகப் படுத்தே கிடந்தது. நான் ஒரு நாளைக்கு ஒன்று மாற்றினேன். மாவை மாற்றினேன், கிண்ணத்தை மாற்றினேன், ஊட்டும் நேரத்தை, டாக்டரைக்கூட மாற்றினேன்.

பரிசலில் வைத்தும் ஊட்டிப் பார்ப்பேன். அக்கா ஒருநாள் மெல்லக் கேட்டார். "நேத்து வெள்ளையா இருந்துச்சு, இன்னிக்குச் செவப்பா இருக்குதுங்களே டீச்சர்?"

"அது பிடிக்கலைங்க்கா. இது ராகி."

"மூணு நடை பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "குழந்தையும் மீனும் ஒண்ணாங்க்கா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இல்லீங்க. மீனு வல்லீன்னா நான் வெறுங்கையோட ஊட்டுக்குப் போவேன், அவ்வளவுதான். அதுனால மூணு நடை பொறுக்க முடியுது. உங்களால முடியாதுங்க" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதாலேயே பொறுத்துப் பார்த்தேன். மூன்று நாள் ராகியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மூன்று நாளும் அவன் துப்பினான். நான்காம் நாள் எடை பார்த்தால் இன்னும் குறைந்திருந்தது. டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா ஈரோட்டுக்கு எழுதித் தர்றேன். சேர்த்து, மூக்கு வழியாக் குழாய் போட்டுத்தான் கொடுக்கணும். வேலைக்குப் போறீங்களாம்மா?" என்றார். கடைசிக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது சாதாரணமாக விழவில்லை.

அன்று இரவே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். என் கணவர், "யோசிச்சுச் செய்" என்றார். யோசிப்பதைத் தவிர நான் வேறென்ன செய்கிறேன்?

திங்கட்கிழமை கடிதம் கைப்பையில் இருந்தது. வெற்றிலைக்காரர் அன்று வரவில்லை. பரிசலில் நாங்கள் மூவர்தான். மகன் தூங்கவில்லை, அழுதுகொண்டே இருந்தான். நான் கிண்ணத்தைத் திறந்து ஊட்டப் போனேன். தட்டிவிட்டான். திரும்பவும் போனேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். குழாயைப் பற்றிச் சொன்னேன். ஈரோடு, மூக்கு என்று ஏதேதோ சொன்னேன்.

அக்கா துடுப்பைக் குறுக்கே வைத்தார். விரலிலிருந்து கயிற்றைக் கழற்றி, மார் மாராக இழுத்து, மொத்தத்தையும் உள்ளே போட்டார். நான் அந்தப் பரிசலில் போய்வந்த பத்து மாதத்திலும் நடு ஆற்றில் அவர் கயிற்றை எடுத்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். கயிறு வெளியே வந்ததும் பரிசல் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. கொடுமுடிக் கரை வந்தது, போனது. அக்கரைத் தென்னைகள் வந்தன, போயின.

"பையன இங்க குடுங்க. நீங்க அக்கட்டால திரும்பி உக்காருங்க."

"அவன் உங்ககிட்ட..."

"திரும்புங்க டீச்சர். உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே சோறு எறங்காது."

திரும்பினேன். பின்னால் கிண்ணத்தின் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு சத்தம், தூக்குப்போசியின் மூடி திறப்பது போல. அவருடைய மதியச் சாப்பாடு அந்தத் தூக்குப்போசியில்தான் இருக்கும். சோறும் மீன் குழம்பும். மூடிதானா, துடுப்பு தட்டியதா? நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். "தங்கத்துக்கு ஒரு வாயி... அக்கட்டால பாரு, அக்கட்டால பாரு, தென்னமரம் சுத்துது பாரு" என்றார். அழுகை நின்றது. பிறகு நான் இரண்டு மாதமாகக் கேட்க ஏங்கிய அந்தச் சின்னச் சத்தம், நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். இன்னொரு முறை. இன்னொரு முறை. நான் எண்ணினேன். பதினாலு வாய்.

திரும்பலாம் என்று அவர் சொன்னபோது கிண்ணம் காலி, கழுவியும் வைத்திருந்தார். தூக்குப்போசி மூடியிருந்தது. மகன் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"ராகிதானுங்க்கா சாப்பிட்டான்?"

அவர் கயிற்றைத் திரும்ப ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார். "வயித்துக்குப் போச்சுங்க" என்றார்.

மறுபடி கேட்காமல் விட்டது என் தப்பு. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும், வந்தால் அதை வைத்துக்கொண்டு நான் ஏதாவது செய்ய வேண்டும். என் மாமியாரிடம் சொல்ல வேண்டுமா, என் கணவரிடம்? ஈரச் சாக்கால் கூடையை மூடும் ஒருவர் அதைச் செய்திருப்பாரா என்று ஒரு மனம் சொல்லும். பட்டினி கிடக்கும் குழந்தை முன்னால் சாக்கு என்ன, சைவம் என்ன என்று இன்னொரு மனம் சொல்லும். அவருடைய சொந்தச் சட்டத்தையே அன்று அவர் மீறிவிட்டார் என்பது மட்டும் நிச்சயம். கை மாறியது, இடம் சுற்றியது, என் முகம் மறைந்தது, ஒருவேளை சாப்பாடும் மாறியது. எல்லாம் ஒரே நடையில்.

அன்று கடிதத்தைக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவரே சொன்னார். "இன்னிக்கு நேத்து மாதிரியே சுத்த உடறேன். நீங்களே ஊட்டுங்க, ஆனா ஆத்தப் பாத்துக்கிட்டே ஊட்டுங்க. அவன் வாயப் பாக்கக் கூடாது." ஆறு வாய் சாப்பிட்டான். என் கிண்ணத்து ராகிதான், சந்தேகமில்லை. மூன்று நாள் அப்படி. அடுத்த மூன்று நாள் சுற்றுவதை நிறுத்தினார். அடுத்து கரையில். அடுத்து வீட்டில். ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தோம். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் அந்த நடையில் அவருக்கு ஒரு மீன்கூட இல்லை. வெற்றிலைக்காரர் கேலி செய்தபோது, "இப்ப வேற மீனு புடிக்கறேனுங்ண்ணா" என்றார். எடைக்கோடு எழுந்தது. டாக்டர் ஈரோட்டுக்கு எழுதவில்லை.

அடுத்த ஜூனில் எனக்குக் கோவைக்கு மாறுதல் வந்துவிட்டது. போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். "போயிட்டு வாங்க டீச்சர்" என்றவர், என் மகனின் தாடையைத் தொட்டு விரலை முத்தமிட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு முறை கடிதம் எழுத உட்கார்ந்து, என்ன பெயருக்கு எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

இப்போது எனக்கு ஒரு மகள். எட்டு மாதம். இவளும் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள்.

அண்ணனுக்குப் பலித்ததையெல்லாம் இவளுக்குச் செய்து பார்த்துவிட்டேன். பீளமேட்டில் பரிசல் ஏது? மொட்டை மாடியில் தூக்கிக்கொண்டு சுற்றினேன், எனக்குத்தான் தலை சுற்றியது. பக்கத்து வீட்டு அம்மாவை ஊட்டச் சொன்னேன், வீறிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊட்டினேன். இவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறாள். திருப்பிவிட்டுச் சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள். இவளுக்கு என் முகம் வேண்டும். அந்த முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்களும், பிள்ளை வளர்த்து முடித்தவர்களும் எனக்கு எழுதுங்கள். முதலில் எதை மாற்றுவது? மாற்றிவிட்டு எத்தனை நாள் பொறுப்பது? மூன்று நாள் பொறுக்கலாம் என்று மனதாரச் சொல்வீர்களா, உங்கள் குழந்தையாக இருந்தாலும்? சைவ வீட்டில் இருப்பவர்கள், இன்னொன்றும் சொல்லுங்கள். என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், நல்லவர், பேத்தி மேல் உயிர். அவரிடம் நான் அந்தத் தூக்குப்போசியைப் பற்றிப் பேசலாமா, அல்லது பேசாமலேயே எதையாவது செய்துவிடலாமா? வரும் வியாழக்கிழமை எடை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த வியாழன் போயிருக்கும். இருந்தாலும் எழுதுங்கள், அதற்கடுத்த வியாழனும் உண்டு.